முதலில் குறையைச் சொல்லணும்

மடியில் கத்தி இருந்தது. பழைய மஞ்சள் துண்டில் சுற்றி, மேலே ஒரு ரப்பர் பேண்டு போட்டு, பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் கோகிலவாணி. கத்தியைக் காட்டுகிற வரிசையில் முதலில் டாக்டர், அப்புறம் ஹபீப் பாய், அப்புறம் கிஷோர், கடைசியில்தான் அவள். கடைசியில் வருவது நல்லதா கெட்டதா என்று அவளுக்கு விளங்கவில்லை. சீக்கிரம் முடிந்துவிட்டால் நிம்மதி. ஆனால் முடிந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்ததும் ரப்பர் பேண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அடப் போடி, பரீட்சைக்குப் போகிற வயசா உனக்கு என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டினாள். இருகூரில் டாக்டர் நஞ்சுண்டன் வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கிற இந்தத் தகரக் கொட்டகையில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கூடுவார்கள். டாக்டர் எலும்பு முறிவு பார்க்கிறவர். ஹபீப் பாய்க்கு உக்கடத்தில் லாரி உதிரிபாகக் கடை. கிஷோருக்கு கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கோகிலவாணிக்கு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். கத்தி செய்து பிழைக்க வேண்டிய தலையெழுத்து இவர்களில் ஒருவருக்கும் கிடையாது. கிடைக்கிற லீவு நாளில் இரும்பைக் காய்ச்சி, கையைச் சுட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் கரியாகித் திரிகிற பைத்தியம்தான். "சம்பளம் குடுத்தாக்கூட இந்த வேலைய ஒருத்தன் செய்யமாட்டான், இவங்க கைக்காசப் போட்டுச் செய்யறாங்க" என்று அவள் வீட்டுக்காரர் மயில்சாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமையும் இருக்கும். அதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இந்தக் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கத்தியை மேசைமேல் வைத்ததும் செய்தவரே முதலில் அதன் குறையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்ட குறையை அப்புறம் யாரும் கிளறக் கூடாது. சொல்லாமல் விட்ட குறையை மற்றவர்கள் கண்டுபிடித்துவிட்டால், அன்றைக்கு மத்தியானம் பாய் போடுகிற பிரியாணிக்கு அத்தனை வெங்காயத்தையும் அந்தக் கத்திக்காரர்தான் உரித்து நறுக்க வேண்டும், அதே கத்தியால். கிஷோர் சேர்ந்த புதிதில் தெரியாத்தனமாக "பெர்ஃபெக்ட் சார்" என்று சொல்லிவிட்டு, கடைசியில் மூக்கும் கண்ணும் ஒழுக ஒழுக உட்கார்ந்து வெங்காயம் உரித்தான். அதற்கப்புறம் ஒருவரும் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. டாக்டர் இப்போது எழுந்து தன் மீன் கத்தியை மேசைமேல் வைத்தார். வளைத்தால் வளைகிற மெல்லிய அலகு, ஈட்டி மரத்தில் பிடி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எடது பக்கம் தீட்டின சாய்வு கொஞ்சம் மேல ஏறிப்போச்சுங்க. வலது பக்கம் சரியாத்தான் வந்துச்சு" என்றார். குறையைச் சொல்கிறபோதுகூட வலது பக்கத்தை விட்டுக்கொடுக்க மனசு வருகிறதா பார் என்று கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. ஆம்பளைகளுக்குக் குறையைச் சொல்வதென்றால் பல் பிடுங்குகிற மாதிரி. அவளுக்கு அந்தச் சிரமமே இருந்ததில்லை. வந்த முதல் நாளே கடகடவென்று ஏழெட்டுக் குறை சொன்னாள். "வாணிம்மாகிட்ட நாமெல்லாம் கத்துக்கணும்" என்றார் டாக்டர். கத்துக்கொள்ள என்ன இருக்கிறது, அது அவளுக்குக் கைவந்த கலை. குழம்பை ஊற்றும்போதே "உப்புக் கொஞ்சம் கம்மியா இருக்கும் பாருங்க" என்பாள். கம்மியாக இருக்காது. புதுச் சேலை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "உள்ள ஒரு நூல் இழுத்திருக்குது" என்று அந்த நூலைத் தேடி எடுத்துக் காட்டுவாள். விருந்தாளி உட்காருமுன்னே "வீடு ஒரே குப்பையாக் கெடக்குது" என்பாள், விடிகாலையிலிருந்து கூட்டித் துடைத்துவிட்டு. ஊரான் வாயில் வருமுன்னே நாமே சொல்லிவிட்டால் வலிக்காது. அதுதான் கணக்கு. வலிக்காது என்பது நிஜம்தான், ஆனால் ஒருநாளும் இனித்ததும் இல்லையே என்று இப்போது தோன்றியது. கம்பெனியில் அவள் மேசைக்கு வருகிற ஷாஃப்ட் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளி விழுந்தால்தான் பம்ப்புக்குள் போகும். ஊரான் செய்த இரும்புக்கெல்லாம் எத்தனை ஆயிரம் மஞ்சள் புள்ளி வைத்திருப்பாள். தன் கையால் செய்த ஒன்றுக்கு, ஒரு வடைக்குக்கூட, அவள் புள்ளி வைத்தது கிடையாது.

வடை என்றதும் நிவேதனா ஞாபகம் வந்துவிட்டது. மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு வடைதான் சுட்டாள். தட்டை நீட்டும்போதே "ஒறப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்குமுங்க" என்றாள். அதோடு வாயை மூடியிருக்கலாம். மாப்பிள்ளையின் அம்மா சும்மா பேச்சுக்குத்தான் "பொண்ணு எப்படிங்க" என்று கேட்டாள். இவள் சும்மா பேச்சுக்குத்தான் "நல்ல பொண்ணுதானுங், கொஞ்சம் கோவம் வரும், சமையல் இன்னும் அவ்வளவாப் படியல" என்றாள். அவர்கள் ஒன்றும் அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, ஜாதகம் சரிவரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் வண்டி தெருமுனை தாண்டுமுன்னே நிவேதனா பட்டுச்சேலையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "நான் என்னம்மா, செகண்ட்ஸ் சரக்கா? பாக்கறவங்க கேக்கறதுக்கு முந்தியே தள்ளுபடி போட்டுத் தள்ளற?" கண்ணில் தண்ணீர்கூட இல்லை. அப்புறம் அவளே கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொண்டு ஓசூரில் நன்றாகத்தான் இருக்கிறாள். பேச்சு வார்த்தைக்கெல்லாம் குறைவில்லை. போன பொங்கலுக்கு வந்தபோது மாடியில் அம்மா கத்தி தீட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், "எனக்கொரு காய் நறுக்கற கத்தி செஞ்சு குடும்மா" என்றாள். செய்யாமல் என்னடி கண்ணு என்று இவள் பூரித்துப் போனாள். "ஆனா ஒண்ணு. குடுக்கறப்போ அதுல இது நொட்டை, அதுல அது சொத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஒரே ஒரு பொருளாவது குறை சொல்லாம எனக்குக் குடு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் ஊசி ஊசிதானே. அந்தக் கத்திதான் இப்போது மடியில் இருக்கிறது. குறை சொல்லாமல் கொடுப்பதென்றால், வாயைப் பொத்திக்கொண்டு கொடுப்பதல்ல. குறையே இல்லாததைச் செய்து கொடுப்பது. இந்த மூன்று பேருடைய கண்ணையும் தாண்டிவிட்டால்தான் அது நிவேதனாவுக்குப் போகும். தாண்டாவிட்டால் போகாது, அவ்வளவுதான் பேச்சு.

"அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று ஹபீப் பாய் அவர் அரிவாளை மேசைமேல் தடாலென்று வைத்தார். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து இழுத்துச் செய்த இளநீர் வெட்டுகிற அரிவாள், ஆளே இல்லாமல் தானாக வெட்டும் போலிருந்தது. "குறை என்னன்னா, பிடிக்கும் அலகுக்கும் நடுவால சந்து விழுந்துருச்சு. மரத்தூளயும் பசையயும் கொழப்பி அடைச்சுட்டேன். சொல்லாட்டி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே தெரியாது, அல்லாவுக்குத்தான் தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், விரல் மட்டும் துண்டுக்கு மேலாகவே அலகின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. அரத்திலிருந்து வந்த கத்தி இது. கம்பெனியில் தேய்ந்துபோனதென்று ஒதுக்கின பெரிய அரம் மூன்று, கேட்டு வாங்கி வந்தாள். அரம் நல்ல இரும்பு, ஆனால் திமிர் பிடித்த இரும்பு. கரி நெருப்பில் போட்டு மூடி விட்டு, அது தானாக ஆறி இளகினால்தான் நாம் சொன்னபடி கேட்கும். இழைத்து வடிவம் கொண்டுவந்தபின் மறுபடி காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும். அங்கேதான் கண்டம். முதல் கத்தி எண்ணெய்க்குள் போன நொடியில் 'ணிங்' என்று ஒரு சத்தம், வெளியே எடுத்துப் பார்த்தால் நடுவில் ஓடு பிளந்த மாதிரி பிளந்து கிடந்தது. இரண்டாவது சத்தமே போடாமல் வாழைப்பழமாட்டம் வளைந்துபோனது. மூன்றாவதைக் காய்ச்சுகிறபோது மொட்டை மாடியில் தனியாக நின்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகரச் சாய்ப்பு, அதுதான் அவள் பட்டறை. நல்ல வெயில். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது, கொஞ்சம் இருட்டினால்தான் சரியான சிவப்பு தெரியும். அதனால் ஒரு மேகம் வந்து சூரியனை மூடுகிறவரை நெருப்பை மட்டாக வைத்துக் காத்திருந்தாள். மேகம் வந்தது. நெருப்பைத் தூண்டினாள். பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தத்தை அலகுப் பக்கம் கொண்டுபோனாள், ஒட்டவில்லை, இதுதான் பதம். நெய் டின்னில் கடலை எண்ணெய் இளஞ்சூட்டில் இருந்தது. நேராக உள்ளே இறக்கினாள். புஸ்ஸென்று புகை, அந்தப் புகைக்குள்ளிருந்து 'ணிங்'.

அந்தச் சத்தம்தான். அன்றைக்கிலிருந்து இன்றைக்கு வரைக்கும் காதுக்குள் ஈ புகுந்த மாதிரி அது போகவேயில்லை. உயிரே போய்விட்டது அவளுக்கு. எடுத்துத் துடைத்துப் பார்த்தாள், விரிசல் இல்லை. திருப்பிப் பார்த்தாள், இல்லை. அதற்குள் மயில்சாமி படியேறி வந்து, "ஏனுங் அம்மிணி, பஜ்ஜி வாசமா வருது, எத்தன போட்டிருக்கற?" என்று எட்டிப் பார்த்தார். கொதிக்கிற எண்ணெயை அவர் தலையில் கொட்டலாமா என்றிருந்தது. "ஒரே ஒரு பஜ்ஜி. இரும்பு பஜ்ஜி. திங்கறீங்களா?" என்றாள். மனுசன் வந்த வழியே இறங்கிப் போனார். அப்புறம் கேக் செய்கிற ஓவனில் வைத்துச் சூடு இறக்கி, அலகு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். நேரம் போவதே தெரியாமல் தேய்ப்பது அவளுக்குப் பிடிக்கும். ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு இழுப்புக்கும் கூடவே 'ணிங்' கேட்டது. எங்கோ உள்ளே ஒரு மயிரிழை விரிசல் படுத்துக் கிடக்கிறதோ. நிவேதனா பூசணிக்காயை வெட்டுகிறபோது பட்டென்று உடைந்து கையில் ஏறிவிட்டால்?  மனசு கேட்காமல் கத்தியைக் கம்பெனிக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் சிவப்புச் சாயம் பூசிப் பார்த்தாள். சாயத்தைப் பூசி, ஊற விட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பவுடர் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூடச் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். எத்தனையோ வார்ப்புகளை அப்படி அவள் தள்ளியிருக்கிறாள். சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்து, "இது எந்த பம்ப்போட பார்ட்டுங் மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கசியவில்லை. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது, பச்சரிசி மாவு மாதிரி. வேறொருத்தர் செய்த சாமானாக இருந்தால் அந்த இடத்திலேயே மஞ்சள் புள்ளி வைத்திருப்பாள். தன்னுடையது என்பதால் மட்டும் கை நீளவில்லை. சாயம் தப்பாகப் பூசியிருப்பேனோ, சரியாக ஊறவில்லையோ, விரிசல் வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே இருக்குமோ என்று ஆயிரம் நொட்டை. சத்தம் கேட்டது கேட்டதுதானே, அது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் இல்லையே. நெருப்பில்லாமல் புகையுமா?

"எனக்குக் குறை சொல்ல ரெண்டு கை பத்தாதுங்க" என்று கிஷோர் ஆரம்பித்தான். இரண்டு விதமான இரும்பை அடுக்கடுக்காக வைத்து அடித்து ஒட்டி, தண்ணீர் அலை மாதிரி கோலம் வரவைக்கிற வேலையை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். கோலம் வந்திருந்தது, அழகான கோலம். ஆனால் அடிப்பக்கம் ஒட்டாமல் வாய் பிளந்து நின்றது. "பரோட்டா மாதிரிப் பிரிஞ்சிருச்சு. சால்னா மட்டுந்தான் பாக்கி." பாய் அதைக் கையில் வாங்கி, "ஒட்டறதுக்கு முந்தி நல்லாச் சுத்தம் பண்ணலியா தம்பி?" என்று கேட்க, "பாய், சொல்லிட்ட குறையக் கிளறக் கூடாது" என்று டாக்டர் தடுக்க, அவர்கள் மூவரும் ஏதோ பேசிக்கொண்டே போனார்கள். கோகிலவாணிக்கு அது காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. அடுத்தது தான். என்ன சொல்வது? நாக்கு நுனியில் ஒரு பட்டியலே தயாராக நின்றது. பிடி கொஞ்சம் தடிமன். ஆணித் தலை லேசாக மேலே நிற்கிறது. நுனி இன்னும் கூர்மையாக இருந்திருக்கலாம். இதில் எது நிஜம்? பிடி தடிமன் இல்லை. சாலை அகலப்படுத்த வெட்டிப்போட்ட புளியமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையை வாங்கி, நிவேதனாவின் கை தன் கை அளவுதான் என்று தன் உள்ளங்கையிலேயே வைத்து வைத்துச் செதுக்கியது அது. ஆணித் தலை மேலே நிற்கவில்லை, கண்ணை மூடித் தடவினால் மரம் எங்கே முடிந்து பித்தளை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நுனிக்கு என்ன கேடு, நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் மிச்சம் அந்தச் சத்தம் ஒன்றுதான். அதைச் சொல்லிவிடலாமா? "முக்கறப்போ ஒரு சத்தம் கேட்டுச்சுங்க" என்று சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும். வெங்காயமும் உரிக்க வேண்டியதில்லை. ஆனால் நிவேதனாவுக்குக் கொடுக்கவும் முடியாது. கொட்டகைக்குள் வெளிச்சம் சட்டென்று மங்கியது. வெளியே மேகம் சூரியனை மூடியிருக்க வேண்டும், அனல் அடித்துக்கொண்டிருந்த கூரையிலிருந்து சூடு இறங்குவது தோளில் தெரிந்தது. அப்போதுதான் தலைக்கு மேலே கேட்டது. ணிங்.

தூக்கிவாரிப் போட்டது. அண்ணாந்து பார்த்தாள். தகரக் கூரை. இன்னொரு தடவை, அந்த மூலையில், ணிங். வெயிலில் விரிந்த தகரம் நிழல் பட்டதும் சுருங்குகிறது. மற்ற மூவரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யார்தான் அந்தச் சத்தத்தைக் கவனிப்பார்கள். அட கூறுகெட்டவளே! மேகத்துக்காகக் காத்திருந்தது யார்? மேகம் வந்ததும்தானே முக்கினாய், உன் தலைக்கு மேலே இருந்தது என்ன, ஓலையா? முதல் கத்தி பிளந்த பயத்தில் காது கத்திக்குள்ளேயே கிடந்தது, கூரை ஞாபகம் எப்படி வரும்? சாயம் உண்மையைச் சொன்னது. இரும்பு உண்மையைச் சொன்னது. இவள்தான் யாரையும் நம்பவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை நாளாகக் கூரையின் பழியைக் கத்தியின் தலையில் போட்டுக்கொண்டிருந்தோமே என்று கத்தியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருந்தது. அதற்கடுத்த நினைப்புத்தான் அவளை நிமிர்த்தி உட்காரவைத்தது. அப்படியென்றால் இதில் குறையே இல்லை. ஒன்றுகூட இல்லை. நான் செய்தது இது.

"வாங்க வாணிம்மா" என்றார் டாக்டர். எழுந்து போய் ரப்பர் பேண்டைக் கழற்றி, துண்டைப் பிரித்து, மேசைமேல் வைத்தாள்.  அலகில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே இருந்த முருங்கை மரம் தெரிந்தது.

"சொல்லுங், என்ன குறை? மடமடன்னு சொல்லிருவீங்களே" என்றார் டாக்டர்.

வாய் பழக்கதோஷத்தில் "பிடி கொஞ்ச" என்று தொடங்கிவிட்டது. நிறுத்தினாள். இருக்கிற குறையை மறைப்பது பொய் என்றால், இல்லாத குறையைச் சொல்வதும் பொய்தானே. இத்தனை வருஷமாக அடக்கம் என்று நினைத்துச் சொன்னதெல்லாம் என்ன? 

"குறை ஒண்ணும் இல்லீங்."

"அக்கா!" என்று கிஷோர் பதறினான். "வேணாங்க்கா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லிருங்க. நான் பட்டது போதும்."

"இருந்தாச் சொல்லமாட்டனா தம்பி? இல்ல. வேணும்னா தேடிக்குங்க."

அவ்வளவுதான், மூன்று பேரும் மொய்த்துக்கொண்டார்கள். கிஷோர் வெர்னியரை எடுத்து முதுகை அங்கங்கே அளந்தான், ஒவ்வொரு அளவுக்கும் அவன் முகம் நீண்டுகொண்டே போனது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு லென்ஸை வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே படம் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம், மறு பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று பார்த்தார். பித்தளைக் கம்பியில் வாய்முனையை அழுத்திப் பார்த்தார். கூர் லேசாக வளைந்து கொடுத்து, விட்டதும் பழையபடி நின்றது. பொடிந்தால் கடினம் அதிகம், வளைந்தே நின்றால் கடினம் போதாது, இது இரண்டும் இல்லை. பாய் நகத்தால் அலகைச் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்டார். கோவில் மணி அடங்குகிற மாதிரி நின்று நிதானமாக அடங்கியது. கயிற்றை வெட்டினார், காகிதத்தை வெட்டினார், கடைசியில் ஒரு தக்காளியைக் கையால் பிடிக்காமலேயே மேசைமேல் வைத்து மேலாகச் சீவி எடுத்தார். கோகிலவாணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது என்று சொன்னால் பொய். உள்ளே ஒரு சுகம் பரவிக்கொண்டிருந்தது. தேடுங்கள், நன்றாகத் தேடுங்கள், எத்தனை நேரம் வேண்டுமானாலும் தேடுங்கள் என்றிருந்தது. நிவேதனா இங்கே இருந்து இதைப் பார்க்கவில்லையே என்று மட்டும் ஒரு தவிப்பு.

பாய்தான் முதலில் கத்தியைக் கீழே வைத்தார், துண்டின்மேல், மெதுவாக. "மாஷா அல்லாஹ்" என்றார்.  டாக்டர் லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டார். மனசுக்குள் கோகிலவாணி அலகின் அடியில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தாள்.

"அப்ப வெங்காயம் யாருங்க உரிக்கறது?" என்று கிஷோர் கேட்டான். "இதுக்கு நம்மகிட்ட சட்டமே இல்லியே."

"தேடி ஏமாந்தவங்கதான்" என்றாள் அவள். "மூணு பேரும் உக்காருங்க. கத்தி வேணும்னா உங்க கத்தியில நறுக்கிக்குங்க, இதத் தரமாட்டேன். இது எம் மகளோடது."

சிரித்துக்கொண்டே மூன்று பேரும் வெங்காயக் கூடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். டாக்டர் தன் மீன் கத்தியால் முதல் வெங்காயத்தின் தோலைக் கீறினார். பாய் அரிவாளால் வெங்காயம் நறுக்குகிற கண்கொள்ளாக் காட்சியை கிஷோர் போனில் படம் பிடித்தான். கோகிலவாணி கத்தியைத் துடைத்து மறுபடி துண்டில் சுற்றிவிட்டு, பையிலிருந்து ஓமப்பொடி டப்பாவை எடுத்து நடுவில் வைத்துத் திறந்தாள். காலையில் அவசரத்தில் பிழிந்தது. உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், வாயில் போட்டவுடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிஷோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டியவன், நீட்டின கையை அப்படியே நிறுத்தி, வழக்கமாக அவள் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

"இதுல என்ன குறைங்க்கா?"

"தின்னு பாரு, நீயே கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு, கோகிலவாணி தானும் ஒரு கை அள்ளிக்கொண்டாள்.